வஸுமதி வீட்டு வைஃபை

மாம்பழக்கூழ் ஆலையில் மின்கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு வருஷத்தில் கொஞ்ச காலம் உயிர் போகிற வேலை, மிச்ச காலம் ஊரார் வேலை. சித்தூருக்குள் மாங்காய் லாரிகள் வர ஆரம்பித்தால் என் மனைவி நீரஜா என்னை மறந்துவிட வேண்டியதுதான். சீசன் முடிந்துவிட்டாலோ, தெருவில் யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் "அஷ்வினைக் கூப்பிடு" என்று என் பெயர்தான் அடிபடும். அப்படி நான் சும்மா கிடந்த ஓர் ஐப்பசி மாதத்தில்தான் என் மாமியார் வீட்டுக்குள் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.

மாமியார் பெயர் வஸுமதி. திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலை ஒட்டிய ஒரு சந்தில், சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மாமனார் ஸௌரிராஜன் கோயில் கோஷ்டியோடு நின்று பிரபந்தம் ஓதியவர். அவர் காலமான பிறகும் மாமியார் அங்கிருந்து நகரவில்லை. காலையில் தீர்த்தமாடி, சன்னதிக்குப் பூ கட்டிக் கொடுத்து, சாயங்காலம் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, தெலுங்கு சீரியல் பார்த்து அதில் வரும் மாமியார்களைத் திட்டித் தீர்த்துவிட்டுப் படுத்தால் அவருடைய நாள் நிறைந்துவிடும். நான் நகரியில் விசைத்தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. நீரஜாவோடு காலேஜில் படித்த காலத்தில் ரயிலேறி வந்து அவர் கையால் தயிர்சாதம் சாப்பிட்டவன். அதனால் இன்றைக்கும் எனக்கு "டா"தான். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்கக் கூடாதா என்று நீரஜா கேட்டால், "நாலு பேர் இருந்தா கொடுக்கறேன்" என்பார்.

இப்படிப்பட்டவர் ஆடி மாதத்தில் ஒரு காலை பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரை, பக்கத்து வீட்டுச் செங்கம்மா பால் கொடுக்க வந்தபோது பார்த்துத் தூக்கி உட்காரவைத்தாள். எவ்வளவு நேரம் கிடந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால் "செத்த நேரம்தான்" என்று முடித்துவிடுவார்.

அந்தச் "செத்த நேரம்" நீரஜாவை ஆட்டி வைத்துவிட்டது. அவள் சித்தூரில் ஸ்கூல் டீச்சர். அம்மாவைத் தன்னோடு கொண்டு வந்து வைத்துக்கொள்வது என்று முடிவு கட்டிவிட்டாள். அம்மாவோ வரமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

"வீட்டப் பூட்டிக்கினு வர்றதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நான் ஒரு கேமரா வெச்சித் தரேன். காலைல ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள நீ போன்லயே உங்க அம்மாவ பாத்துடலாம்" என்றேன் நீரஜாவிடம்.

நீரஜா யோசித்து ஒரு நிபந்தனை போட்டாள். சங்கராந்தி வரைக்கும் பார்ப்பாள். கேமரா நம்பும்படி ஓடினால் அம்மா திருப்பதியிலேயே இருக்கலாம். ஓடாவிட்டால் மறுபேச்சில்லாமல் சித்தூர். மாமியாரும் ஒப்புக்கொண்டார். ஆனால் என்னைத் தனியாக அழைத்து, "அஷ்வின், இந்த ஆத்துல நான் இருக்கறதும் இல்லாததும் இப்போ உன் கையில இருக்குடா" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. எனக்கு மட்டும் அது விளையாட்டாகப் படவில்லை.

பெட்டி என்று நான் சொன்னது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரே ஒரு போர்டு. அதன் மேலேயே எல்லாம் இருக்கும், வைஃபையும் சேர்த்து. ஆலையில் கொதிகலன் சூட்டைக் கணக்கெடுக்க இதைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு கேமராவை அதில் சொருகிவிட்டால் படத்தை உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பும்.

எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. திருப்பதியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரிசனத்துக்கு வருகிற அத்தனை பேரும் பையை அங்கேதான் வைப்பார்கள். வந்ததும் முதல் வேலையாக, சுவரில் மாட்டியிருப்பது எதுவானாலும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தங்கள் போனைச் சார்ஜில் போடுவார்கள். மாமியார் வீட்டு ஃபிரிட்ஜே அப்படிப் பலமுறை உயிர் விட்டிருக்கிறது. யார் கையும் படாத இடம் அந்த வீட்டில் எது என்று கூடத்தில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தேன். கண்ணில் பட்டது மடிக்கொடி.

கூடத்தின் பின்பகுதியில், உத்தரத்திலிருந்து தொங்குகிற மூங்கில் கொடி அது. மாமியார் குளித்ததும் ஒன்பது கஜம் புடவையை நனைத்துப் பிழிந்து, ஒரு கோலால் தூக்கி அதன் மேல் போடுவார். அது யார் கையும் படாமல் காய்ந்து, மறுநாள் குளித்த பிறகு அவர் உடம்பில் ஏற வேண்டும். எந்த ஊர் விருந்தாளியும் அந்தக் கொடிப் பக்கம் போகமாட்டான். போனால் அவனுக்கு அன்று சாத்தமுது, அதாவது ரசம், கிடைக்காது. கொடிக்குப் பின்னால் சுவரில் ஓர் அலமாரித் தட்டு இருந்தது. பெட்டியை அங்கே வைத்து, கேமராவை மட்டும் ஒயரோடு இழுத்து மேலே பொருத்தினேன். கூடமும் சமையலறை வாசலும் பளிச்சென்று தெரிந்தன. மத்தியானம் வைத்துப் பார்த்தேன், அருமையாக ஓடியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை நீரஜா பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிட்டது. சமையலறை வாசலில் அம்மா ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றார். நீரஜா பதறிப்போய் போன் போட்டாள்.

"அம்மா, எங்க இருக்கே? விழுந்துட்டியா?"

"விழுந்திருந்தா போனை எடுப்பேனாடி?"

அதோடு வைத்திருக்கலாம். இரண்டு பேருக்கும் அப்படி வைக்கத் தெரியாது. மாத்திரை போட்டாயா என்று இவள் கேட்க, நீ சாப்பிட்டாயா என்று அவர் கேட்க, செங்கம்மா வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு ரேணிகுண்டா போன கதை வரைக்கும் போய், ஸ்கூல் பெல் அடித்த பிறகுதான் பேச்சு ஓயும். பேச்சு ஓய்ந்ததும் நீரஜா எனக்குப் போன் போட்டுத் திட்டுவாள். மத்தியானத்துக்குள் படம் தானாக வந்துவிடும். மறுநாள் காலை மறுபடி போய்விடும். தினமும் இதே கூத்து. அந்த மாதம் முழுக்க எனக்கு வீட்டில் காப்பி கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை.

நான் திருப்பதிக்கு ஓடினேன். முதலில் சந்தேகப்பட்டது சார்ஜரை. ஒரு பழைய போன் சார்ஜரைத்தான் பெட்டிக்குக் கொடுத்திருந்தேன். வேண்டிய கரண்ட் வராவிட்டால் இந்த போர்டுகள் திணறும். திணறினால் வைஃபையைத்தான் முதலில் கைவிடும். நல்ல அடாப்டராக வாங்கி மாட்டினேன்.

"என்னடா ஆச்சு அதுக்கு?" என்று மாமியார் எட்ட நின்று கேட்டார்.

"வயித்துக்குப் பத்தல அத்தே. பசில மயங்கி மயங்கி விழுந்துகினு கீது."

"அப்படிச் சொல்லு. பசின்னு வந்தா மிஷின் என்ன, மனுஷா என்ன. நீ முதல்ல சாப்பிடு வா."

நான் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்ததுதான் மிச்சம். மறுநாள் காலை படம் நின்றது.

அடுத்த முறை போனபோது என் மேலேயே சந்தேகம் வந்தது. பெட்டி பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஆலையில் கிடந்த அலுமினியத் தகட்டில் ஒரு கூடு செய்து போட்டிருந்தேன். போர்டுக்கு ஏரியல் உள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றி உலோகச் சுவர் எழுப்பினால் அலை எப்படி வெளியே போகும்? எனக்குத் தெரிந்த விஷயம்தான், அழகில் மயங்கிவிட்டேன். பிளாஸ்டிக் டப்பா ஏதாவது வேண்டும் என்றேன். மாமியார் உள்ளே போய்ப் பெருங்காய டப்பா ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். காற்றுக்கு ஓட்டை போட்டு அதற்குள் போர்டை இறக்கினேன். வீடெல்லாம் மணந்தது. படம் மட்டும் மறுநாளும் நின்றது.

பிறகு செய்யாததெல்லாம் செய்தேன். சும்மா இருக்கும் நேரத்தில் வைஃபை கண்ணயர்ந்து மின்சாரம் மிச்சம் பிடிக்கிற வழக்கம் ஒன்று அந்த போர்டில் உண்டு. மறுபடி தட்டி எழுப்பினால் சிலசமயம் எழுந்திருக்காது. அந்த வழக்கத்தை அடியோடு நிறுத்தினேன். சுற்றிலும் லாட்ஜுகள் வேறு. போனைத் திறந்தால் திரை கொள்ளாத வைஃபை பெயர்கள், பாதிக்கு மேல் பெருமாள் பெயர்கள். எல்லோரும் ஒரே சேனலில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறைந்த சேனலாகப் பார்த்து மாற்றினேன். ராத்திரியெல்லாம் கம்பீரமாக ஓடும். காலையில் மாமியார் பூ கட்ட உட்காரும் நேரத்துக்குப் போய்விடும்.

"அந்த உள் ரூமை ஒழிச்சு வை அஷ்வின்" என்றாள் நீரஜா ஒரு நாள். "சங்கராந்திக்கு அம்மா இங்க வந்துடுவா. உன் பெட்டியை நம்பி என்னால தினமும் செத்துப் பிழைக்க முடியாது."

அவள் மேல் தப்பில்லை. படம் நிற்கிற ஒவ்வொரு முறையும் அவள் கண்ணில் தெரிவது பாத்ரூம் தரை. ஆனால் எங்கள் மூன்றாம் மாடி ஃப்ளாட்டின் உள் அறையில், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருக்காக யாரோடும் சண்டை போடலாம், நீரஜாவோடு முடியாது. அதனால் பெட்டியோடு போட்டேன்.

எங்கள் ஆலையில் ஒரு முறை உண்டு. அடிக்கடி கெடுகிற மிஷினை உடனே கழற்றக் கூடாது. எப்போது கெடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வைஃபை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைப் பெட்டியே அவ்வப்போது குறித்து வைக்கும்படி ஒரு புரோகிராம் எழுதிப் போட்டேன். சில நாள் கழித்து அதை வரைபடமாக்கிப் பார்த்தால், தினமும் விடிந்த கொஞ்ச நேரத்தில் கோடு தடாலென்று விழுகிறது. விழுந்தது உடனே எழுவதில்லை. மெல்ல, மெல்ல, மத்தியானம் வரைக்கும் ஏறிக்கொண்டே வந்து பழைய உயரத்துக்குச் சேர்கிறது. மழை பெய்த நாளில் சாயங்காலம் வரை இழுக்கிறது. மின்கருவிக் கோளாறு இப்படி நடந்துகொள்ளாது. அது போனால் போகும், வந்தால் வரும். இடையில் ஒரே ஒரு நாள் கோடு விழவேயில்லை. அன்று மாமியார் நாராயணவனத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

ஆக, வீட்டில் மாமியார் இருந்தால் கெடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே போய் லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். "அத்தே, நான் கீறேன்னு பார்க்காதீங்க. தினமும் இன்னா பண்ணுவீங்களோ அத்தயே பண்ணுங்க" என்றேன்.

"நீ இப்படிக் கண்கொத்திப் பாம்பாட்டம் உட்கார்ந்தா எனக்கு வேலையே ஓடாது" என்று சொல்லிக்கொண்டே அவர் வேலையைப் பார்த்தார். மோட்டார் போட்டார், ஒன்றுமில்லை. மிக்ஸி ஓடியது, ஒன்றுமில்லை. குளித்துவிட்டு, பிழிந்த புடவையைக் கோலில் ஏந்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், "தள்ளு, மேல பட்டுடப் போறது" என்று ஒரு அதட்டல் போட்டு, கொடியில் வீசி விரித்தார். திரையில் எண் சரிந்தது. படம் நின்றது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை.

"என்னடா, பைத்தியம் பிடிச்சுடுத்தா?"

"அத்தே, உங்க புடவதான்! வைஃபைக்குத் தண்ணின்னா ஆவாது. ரௌட்டர் முன் ரூம்ல, நடுவுல இவ்ளோ தடி சொவரு. வந்து சேர்றதே கொஞ்சம். அத்தயும் இந்த ஈரப்புடவ முழுங்கிடுது."

அவர் கொடியை அண்ணாந்து பார்த்தார். "ஒன்பது கஜமும் சேர்ந்து முழுங்கறதா?" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அப்போ என் மேல பழி போடாதே. அது அங்கதான் காயறது, நான் வாக்கப்பட்டு வந்த நாளா. நீதான் கொண்டுபோய் அதுக்குப் பின்னாடி உன் பெட்டியை ஒளிச்சு வெச்சே."

உண்மைதான். யாரும் தொடாத இடம் என்று தேடிப் போய், தினமும் தண்ணீர்த் திரை விழுகிற ஒரே இடத்தில் வைத்தவன் நான்தான். கொடியை நகர்த்துகிற பேச்சுக்கே இடமில்லை. பெட்டியை எதிர்ச்சுவரில், நாற்காலிக்குப் பின்னால் இருந்த மாடத்துக்கு, கேமராவோடு சேர்த்து, மாற்றினேன். பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, விருந்தாளிகளுக்கு ஒரு மிரட்டலும் தெலுங்கில் எழுதி வைத்தேன்.

அதன் பிறகு லைன் ஒரு நாள்கூட அறுந்து போகவில்லை. மார்கழி பிறந்தது. நீரஜா காலையில் போனைத் திறப்பாள். அம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதை ஒரு கணம் பார்ப்பாள், முகம் மலரும், போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். எனக்கு முகத்தோடு சேர்ந்த காப்பி வர ஆரம்பித்தது. உள் அறையை ஒழிக்கிற பேச்சு நின்றது. நான் மாமியாருக்குப் போன் போட்டு, "எப்டி அத்தே நம்ம வேல?" என்று பீற்றிக்கொண்டேன்.

"ம். நன்னாதான் ஓடறது போல" என்றார். குரல் சுரத்தில்லாமல் இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பாதி கழிந்தபோது லைன் மறுபடி அறுந்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும். இரண்டு நாள் சரியாக இருந்துவிட்டுத் திரும்பவும். நீரஜா பழையபடி பஸ்ஸிலிருந்து போன் போட்டுப் பதறினாள், பழையபடி பெல் அடிக்கிறவரை பேசினாள். ஆனால் இந்த முறை என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"நீ உன்னால ஆனதைப் பண்ணிட்டே அஷ்வின். விடு" என்றாள். "சங்கராந்திக்கு மறுநாள் வண்டி சொல்லிட்டேன். சாமான் எல்லாம் ஏத்திண்டு வந்துடலாம்."

நான் பெட்டியின் கணக்கைச் சித்தூரிலிருந்தே திறந்து பார்த்தேன். விடிந்த கொஞ்ச நேரத்தில் கோடு விழுந்திருக்கிறது. அப்புறம் சட்டென்று நேராக எழுந்திருக்கிறது. விழுவது பழைய விழுகைதான், ஈரத்துணி. எழுவதுதான் புதிது, யாரோ துணியை எடுத்த மாதிரி. மாடத்துப் பக்கம் துணி எப்படி வந்தது? மார்கழிக் கூட்டத்தில் வந்த சொந்தக்காரர்கள் எவராவது துண்டு காயப்போடுகிறார்களாக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விடிகாலை பஸ் பிடித்தேன். வண்டி வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் அவர் அங்கேயே இருப்பார். எனக்கு அதுதான் வேண்டும்.

வாசலில் கோலம் இன்னும் ஈரமாக இருந்தது. கதவு திறந்திருந்தது. விருந்தாளி யாருமில்லை, செருப்பே இல்லை. கூடத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மாடத்துக்கு முன்னால் இருந்த நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டி நகர்த்தி, அதன் முதுகில், மடிப்பு மடிப்பாக, சொட்டச் சொட்ட, மாமியாரின் ஒன்பது கஜம் புடவை தொங்கியது. மடிப்புடவை. நாற்காலியில். போகிற வருகிறவர் இடிக்கிற உயரத்தில். என்னை ஒருநாளும் அந்தக் கொடிக்குக் கீழே நிற்கவிடாத மனுஷி.

அவர் சமையலறையிலிருந்து வந்தார். கையில் போன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா அத்தே இது? மடிப்புடவ நாற்காலில கீது?"

"அங்க காத்து வரலை."

"மார்கழி மாசத்துல காத்து வரலையா? யார்னா தொட்டா இன்னா பண்ணுவீங்க?"

"யாரும் தொடாமலே இது மடி இல்லைதான். அவ பேசி முடிச்சதும் மறுபடி நனைச்சுப் பிழிஞ்சு கொடியில போட்டுடுவேன்."

விரிசல் விட்ட மணிக்கட்டோடு, பனிக்காலத் தண்ணீரில், தினமும் இரண்டாவது முறை ஒன்பது கஜம் பிழிகிறார். அதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் கையிலிருந்த போன் அடித்தது. நீரஜா. அவர் உடனே எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தே?"

"லைன் நன்னா இருந்தா அவ கூப்பிடறதில்லைடா. பார்த்துட்டுப் பையில போட்டுண்டு போயிடறா. நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடறது. அவ இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

போன் நின்றது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"நீங்களே கூப்புடலாமே?"

"பஸ்ஸுக்கு ஓடறவளைக் கூப்பிட்டு என்ன சொல்றது? இன்னிக்கும் விழலைன்னா?"

"லைன் கெட்டா உங்கள இங்கேர்ந்து இட்டுகினு பூடுவா அத்தே. வண்டி சொல்லிட்டா. தெரியுமா?"

"தெரியும்டா. நடுவுல ரெண்டு நாள் போடாம இருந்து பார்த்தேன். முடியலை." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்து, அதே குரலை எங்கிருந்தோ விறைப்பாக்கிக்கொண்டு, "எத்தனை தடவைடி கூப்பிடுவே? எனக்கு வேறே வேலை இல்லையா?" என்றார்.

நீரஜா அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "போதும்மா. எனக்கு முடியலை. சங்கராந்தி வரைக்கும்கூட வேண்டாம், இந்த வாரமே வண்டி வரும், கிளம்பற வழியைப் பாரு." மாமியார் என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"நீரஜா, நான்தான். இங்க வந்திருக்கேன். லைன்ல ஒரு கோளாறும் இல்ல. உங்க அம்மாதான் தினமும் ஈரப்புடவயப் போட்டு மறைக்கிறாங்க."

"என்னது? ஏன்?"

"அது நின்னாத்தான் நீ கூப்புடுற."

அந்தப் பக்கம் பஸ் நின்று கிளம்புவதும், பிள்ளைகள் இறங்கி ஓடுவதும் கேட்டது. பிறகு நீரஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மாகிட்ட குடு" என்றாள்.

கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானே காப்பி கலந்தேன். கூடத்திலிருந்து மாமியாரின் பேச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. "அழாதடி, ஸ்கூல் வாசல்ல நின்னுண்டு." அப்புறம், "இல்லை, இல்லை, கை வலிக்கலை." அப்புறம் நெடுநேரம் "ம்", "ம்" என்று மட்டும். அப்புறம், "சரி, அப்போ சங்கராந்திக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கோ."

காப்பியோடு வெளியே வந்தேன். மாமியார் அந்த ஈர நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வண்டி வேண்டாம்னுட்டா" என்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு. பிறகு, ஊரே கேட்கிற மாதிரி ஒரு ரகசியக் குரலில், மகளைப் பற்றிப் புகார் சொல்வதுபோல் சொன்னார்:

"பெல் அடிச்சுடுத்தாம், இவ இன்னும் உள்ளே போகாம பேசிண்டே இருக்காடா!"